‘அஞ்சு நிமிஷம்ப்பா’: ஜோகூர் மகள்களின் கால அளவை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஜோகூர் பாருவின் தாமான் வீடுகளில் விசேஷ நாள்தோறும் தகப்பன்மார் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: “கிளம்பியாச்சா?” மகள்கள் தரும் விடையும் ஒன்றுதான்: “அஞ்சு நிமிஷம்ப்பா.” இந்த விடை பிறக்கும் கணத்துக்கும் அவள் காரில் வந்து உட்காரும் கணத்துக்கும் இடையே கழியும் காலத்தைப் பற்றி அறிஞர் உலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர்கள் தகப்பன்மார் மட்டுமே. அவர்கள் சொன்னவை அச்சேறத் தக்கவை அல்ல. இது பற்றி மக்களிடையே இரண்டு கொள்கைகள் நிலவுகின்றன. மகள் பொய் சொல்கிறாள் என்பது முதலாவது. அவளுக்கு நேரக் கணக்கே தெரியாது என்பது, சற்று இரக்கமுள்ளவர்கள் வைத்திருக்கும் இரண்டாவது. இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் துணிபு. மகளின் ஐந்து நிமிஷம் ஒரு துல்லியமான அளவை. இந்த விவகாரத்தில் பொய் சொல்பவர் ஒருவர் உண்டுதான். அவர் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கொள்கைக்குப் போகும் முன் நிகழ்வை உள்ளபடி பார்த்துவிடுவது முறை. கல்யாண விருந்து ஏழு மணிக்கு என்று அழைப்பிதழ் சொல்கிறது. தகப்பன் வீட்டில் அறிவித்த நேரம் ஆறு. ஐந்தே முக்காலுக்கே அவர் சட்டை மாட்டி, பவுடர் போட்டு, சாவிக்கொத்தைக் குலுக்கியபடி சோபாவில் இருக்கிறார். குலுக்கும் சத்தம் தாங்காமல் தாய், “நீங்க போயி காடிய எடுங்க” என்கிறாள். அவர் கேட்டைத் தள்ளி, மைவி காரைப் பின்பக்கமாக ரோட்டுக்கு இறக்கி, மின்னல் எஃப்.எம்மைத் திருப்பிவிடுகிறார். உள்ளே, பெரியவளின் சேலைக் கொசுவத்தைத் தரையில் மண்டியிட்ட நடுவள் கீழ்முனையில் பிடித்து நீவிக்கொண்டிருக்கிறாள். பெரியவளின் உதடுகளுக்கு இடையில் இரண்டு ஊக்குகள் இருப்பதால் அவள் சொல்லும் ஐந்து நிமிஷம் பல் இடுக்கு வழியாகத்தான் வெளியே வருகிறது. கடைக்குட்டி கட்டிலுக்கு அடியில் கைப்பேசி வெளிச்சத்தில் தோட்டின் திருகைத் தேடுகிறாள். முதல் ஹாரன் இந்த இடத்தில் ஒலிக்கிறது. அப்போதும் மூன்று குரல்கள் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றன. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கட்டங்களில் இருந்துகொண்டு ஒரே எண்ணைச் சொல்கிறார்கள் என்றால், அந்த எண் மனம்போன போக்கில் சொன்னதாக இருக்க முடியாது என்பதை ஆய்வு மனம் படைத்தவர்கள் உடனே குறித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் அது எதை அளக்கிறது? விடை ஜேபி சென்ட்ரல் நிலையத்தில் கிடைக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூர் வூட்லண்ட்ஸுக்கு 2015 ஜூலை 1 முதல் ‘ஷட்டல் தெப்ராவ்’ என்ற ரயில் ஓடுகிறது. பயண நேரம் எவ்வளவு என்று கேட்டால் ஐந்து நிமிஷம் என்பார்கள். அது முழு உண்மை. ரயில் நகரத் தொடங்கி நிற்பதற்கு ஐந்து நிமிஷம்தான். அதற்கு டிக்கெட் கிடைப்பதற்குள் படும் பாடு, ரயிலுக்கு முன்னதாகவே வந்து நிற்பது, இந்தப் பக்கம் மலேசியக் குடிநுழைவு வரிசை, அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் குடிநுழைவு வரிசை, இவையெல்லாம் பயணம் ஆகா. அவை பயணத்துக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேறு காரியங்கள். இதனால் யாரும் ரயில்வேயைப் பொய்யர் என்று சொன்னதில்லை. மகளும் இதே முறையைத்தான் கையாளுகிறாள். கண்ணாடியை விட்டு நகர்ந்து, கைப்பையைத் தூக்கி, செருப்பு அலமாரியில் ஜோடி பொருத்தி, காரில் ஏறிக் கதவைச் சாத்துவது வரை எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிஷம் தாராளம். தலை உலர்வது, சடை பின்னுவது, பின்னியது பிடிக்காமல் அவிழ்ப்பது ஆகியவை புறப்பாடு அல்ல. அவை குடிநுழைவுச் சோதனை. ஒரு நாட்டின் ரயில் துறைக்குப் பொருந்தும் அளவை முறை, அந்நாட்டில் பிறந்த பெண்ணுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு எதிர்த்தரப்பு இதுவரை காரணம் காட்டவில்லை.

இனி, பொய் சொல்பவரைப் பற்றி. ஜோகூர்த் தகப்பனின் நேர உணர்வைச் செதுக்கியது பாலம்தான். 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறக்கப்பட்ட ஜோகூர்–சிங்கப்பூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். காலை வீசி நடந்தால் கால் மணி நேரம். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இரு நாடுகளுக்கிடையே இதன் வழியே போய்வரும்போது, அந்த ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கடவுள்கூட முன்கூட்டிச் சொல்ல மாட்டார். அரை மணியும் ஆகலாம்; பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு முழுப் படமும் ஓடி முடியலாம். அதனால்தான் சிங்கப்பூரில் எட்டு மணி வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, மழைக்கோட்டை மோட்டார் இருக்கைக்கு அடியில் திணித்துக்கொண்டு ஓடுகிறார்கள். தூரத்துக்கும் நேரத்துக்கும் உறவே இல்லாத ஒரு பாதையில் இருபது வருஷம் போய்வந்த மனிதர், எல்லாப் பயணத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம் கூட்டிச் சொல்வது இயல்பு. அவர் அந்தக் கூட்டலை ஸ்கூடாயிலிருந்து மாசாய் போவதற்கும் செய்கிறார். தெருமுனை இரவுச் சந்தையான பசார் மாலாமுக்குப் போவதற்கும் செய்கிறார். வாயால் சொல்வது ஆறு மணி. மனத்தில் இருப்பது ஆறே முக்கால். உண்மையில் புறப்பட வேண்டியது ஏழே கால்.

மகள் இதைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். அப்பா அவசரப்படுத்தி ஏற்றிக்கொண்டு போன எந்த விருந்திலும் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அழைப்பிதழில் ஏழு என்று போடுகிற வீட்டாருக்கும் விருந்தாளிகள் எட்டுக்கு வருவார்கள் என்று தெரியும். மணமக்கள் மேடை ஏறும்போது எட்டரை ஆகிவிடும். ஆக அழைப்பிதழில் ஒரு கூட்டல், அப்பாவின் அறிவிப்பில் இன்னொரு கூட்டல். இரண்டையும் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறவள் மகள். மற்றவர்கள் தாமதம் என்று சொல்வது உண்மையில் கழித்தல் கணக்கு. அவளுக்கு நேரமே தெரியாது என்ற இரண்டாவது கொள்கை இங்கே படுத்துவிடுகிறது. அதற்கு வேறு சான்றும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்துக்கு அவள் ஒரு நாளும் பிந்தியதில்லை. தோழியின் பிறந்த நாளுக்கு மிட் வேலி சவுத்கீக்குப் போக வேண்டிய மாலையில் இதே பெண் குறித்த நேரத்துக்கு முன்பே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். அன்றைக்குச் சாவியைத் தேடுகிறவர் அப்பா. தோழிகள் குறிக்கும் நேரத்தில் கூட்டல் இல்லை என்பதே காரணம்.

‘அப்படியானால் தகப்பன் உண்மை நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டுமே’ என்று கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஏழே காலுக்குப் புறப்பட வேண்டிய ஒரு நாளில் அவர் நேர்மையாக ஏழே கால் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதிலும் கூட்டல் இருக்கிறது என்று நம்பும் மகள் வழக்கமான கழித்தலைச் செய்வாள். எட்டரைக்குத்தான் வெளியே வருவாள். அன்றைக்கு உண்மையாகவே பந்தி முடிந்திருக்கும். அடிபட்ட தகப்பன் அடுத்த முறை ஐந்தரை என்பார். ஒருவர் மட்டும் திருந்தினால் இருவருக்கும் நஷ்டம் என்கிற இடத்தில் இருவருமே திருந்தாமல் இருப்பதுதான் அறிவு. ஜோகூர்க் குடும்பங்கள் அந்த அறிவைப் பல்கலைக்கழகம் போகாமலே அடைந்திருக்கின்றன.

கடிகாரம் என்பது மாற்ற முடியாத சத்தியம், மகள் அதை மீறுகிறாள் என்று வாதிடுவோர் இந்த மண்ணின் வரலாற்றையும் கொஞ்சம் புரட்ட வேண்டும். கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்தி நின்ற கடிகாரத்தை, நீரிணைக் குடியேற்றங்களில் 1933இல் இருபது நிமிஷம் முன்னுக்குத் தள்ளினார்கள். 1941இல் இன்னும் பத்து நிமிஷம். 1942இல் ஜப்பானியர் வந்ததும் மலாயா முழுவதும் தோக்கியோ நேரம்; அதாவது ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரப் பாய்ச்சல். 1945இல் அவர்கள் போனதும் பழையபடி பின்னுக்கு. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணி அடித்தபோது தீபகற்ப மலேசியாவில் முள்ளைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினார்கள். சபா, சரவாக்குடன் நேரம் ஒன்றாக வேண்டும் என்பது காரணம். சிங்கப்பூரும் பின்னாலேயே நகர்த்தியது. அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று எந்தத் தகப்பனும் ஹாரன் அடிக்கவில்லை. இதன் விளைவாக இன்றைக்கு ஜோகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி ஒன்று. சூரியனே அன்றாடம் ஒரு மணி நேரம் பிந்தி வருகிற ஊரில், குளித்துவிட்டுத் தலை உலராமல் நிற்கிற பெண்ணை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயம்தானா?

கடிகாரம் போகட்டும், கிழமைக்கு வருவோம். 2014 ஜனவரி முதல் ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆனது. 2025 ஜனவரி 1 அன்று அது மறுபடி சனி ஞாயிறாயிற்று. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளைத் தகப்பன்–மகள் வரலாற்றில் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் மாறின; தனியார் நிறுவனங்கள் விருப்பம்போல் இருக்கலாம் என்று விடப்பட்டதால் பல கம்பெனிகள் சனி ஞாயிறிலேயே தங்கின; சிங்கப்பூரோ கேட்கவே வேண்டாம். ஆகவே தனியாரிலோ அக்கரையிலோ வேலை பார்த்த தகப்பனுக்கும் பள்ளி மாணவியான மகளுக்கும் பொதுவாக மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். ஞாயிறு காலை அப்பா கைலியோடு கோப்பி குடித்துக்கொண்டிருப்பார், மகள் சீருடையில் வேனுக்கு நிற்பாள். வெள்ளி காலை அவள் போர்வைக்குள் இருப்பாள், அவர் நெரிசலில் இருப்பார். 2014இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பெண் ஐந்தாம் படிவம் வரை இப்படியே வளர்ந்தவள். வீட்டில் இருவருக்கும் கிழமையே ஒத்துப்போகாத காலத்தில், நிமிஷம் ஒத்துப்போகவில்லை என்பது எவ்வளவு சின்ன விஷயம்! அந்த ஒற்றைச் சனிக்கிழமையில் கோவில், டியூஷன், முடிவெட்டு, பாட்டி வீடு, கல்யாணம் எல்லாவற்றையும் அடைக்க முயன்ற தகப்பனின் கூட்டல் கணக்கு எந்த அளவுக்கு வீங்கியிருக்கும் என்பதைத் தனியே நிறுவத் தேவையில்லை.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஈப்போவிலிருந்து வரும். அங்கே பாலமும் இல்லை, நீரிணையும் இல்லை. மகள்கள் மட்டும் ஐந்து நிமிஷம் என்கிறார்களே? ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பாலத்துக்கும் முந்திய ஒரு கூட்டல் மலாயாத் தமிழனின் ரத்தத்தில் உண்டு. அதன் பெயர் பெரட்டு. ரப்பர்ப் பால் விடிகாலைக் குளிர்ச்சியில் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். ஆகவே தோட்டங்களில் இருட்டோடு மணியடித்து ஆள்களைப் பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். பிந்தி வந்தவருக்கு அன்றைய வேலை போயிற்று. லயத்து வீட்டில் அந்த மணிக்கு முன்பே எழுந்து பழகிய தாத்தா, ‘அடிச்ச பிறகு ஓடாதே, அடிக்கும் முன்னே நில்’ என்ற பாடத்தை மகனுக்குத் தந்தார். மகன் அதைத் தாமான் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். பேராக்கிலும் அதே தோட்டம், அதே பெரட்டு. ஜோகூரின் தனிச் சிறப்பு, குளுவாங், சிகாமட், லாயாங் லாயாங் தோட்டங்களின் பெரட்டோடு பாலமும் சேர்ந்துகொண்டதுதான். சென்னையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதைச் சென்னைக்காரர்கள் ஆராயட்டும், அவர்களுக்கும் வேலை வேண்டும்.

சேலைதான் காரணம் என்போர் ஒரு கட்சி. ஐந்தரை மீட்டர் துணியை உடம்பில் நிறுத்த நேரம் ஆகாதா என்பார்கள். இப்போது முந்தின நாளே கொசுவம் மடித்து, அயர்ன் போட்டு, கிளிப் குத்தி வைத்த சேலைகள் வந்துவிட்டன. பாவாடைபோல் மாட்டிக்கொண்டால் போதும். ஐந்து நிமிஷம் மட்டும் நாலரையாகக் குறைந்தபாடில்லை. பசார் மாலாமில் ஆப்பம் பாலிக் வாங்க டி-ஷர்ட்டோடு கிளம்பும் நாளிலும் விடை அதேதான். துணியின் நீளத்துக்கும் நேரத்தின் நீளத்துக்கும் தொடர்பில்லை என்பது இதனால் பெறப்படும். மகன்களும் பிந்துகிறார்களே என்பது இன்னொரு கட்சி. பிந்துகிறார்கள், ஆனால் மகன் “வரேன்” என்று மட்டும் சொல்கிறான். அதில் எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் விஞ்ஞானம் கால் வைப்பதில்லை.

இலக்கியச் சான்று இல்லாமல் தமிழில் ஆய்வுக் கட்டுரை முடிந்ததாக வரலாறு இல்லை என்பதால், பிள்ளைத்தமிழையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். குழந்தையை ‘வா’ என்று அழைப்பதற்கே வருகைப் பருவம் என ஒன்றை வைத்து, அதற்குப் பத்துப் பாடல் ஒதுக்கிய மரபு நம்முடையது. ஒரு தடவை கூப்பிட்டால் பிள்ளை வராது என்ற அனுபவ உண்மை அந்தப் பத்தில் அடங்கியிருக்கிறது. வருகைப் பருவம் ஆண்பிள்ளைக்கும் உண்டே என்று இலக்கணம் அறிந்தோர் இடைமறிப்பார்கள். உண்டுதான். ஆனால் இறுதி மூன்று பருவங்களைப் பாருங்கள். ஆண்பிள்ளை சிற்றில் சிதைக்கிறான், சிறுபறை கொட்டுகிறான், சிறுதேர் உருட்டுகிறான். சத்தத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். குளியலறையைத் தனிப் பருவமாக ஏற்று அதற்கும் பத்துப் பாடல் தந்த முன்னோர், ஒரு பக்கெட் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் என்று கதவைத் தட்டும் இன்றைய தகப்பனைவிட விவரம் அறிந்தவர்கள். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது அம்மனே சிறுமியாக வந்து, திருமலை நாயக்கரின் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்பது மதுரைக் கதை. அவள் எத்தனை பாடல் தாமதித்தாள் என்று நாயக்கர் கேட்கவில்லை. மாலை போனதையும் கேட்கவில்லை.

கடைசி ஆட்சேபத்தைத் தகப்பன்மார் சத்தமாகச் சொல்வதில்லை. மூன்று மகள்களும் காரில் ஏறிவிட்ட பிறகும் கார் நகர்வதில்லையே, அது எப்படி? இங்கேதான் ஆய்வு சற்று ஆபத்தான பகுதிக்குள் நுழைகிறது. தாய் இன்னும் உள்ளே இருக்கிறாள். கேஸ் மூடியிருக்கிறதா, சாமி அறை விளக்கு என்ன ஆயிற்று, பின்கதவு, மின்விசிறி, கிரில் பூட்டு, பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, மொய் உறை, உறைமேல் பெயர். இவ்வளவும் முடியாமல் அந்தக் குடும்பம் எங்கும் போக முடியாது. ஆகவே பிள்ளைகள் ஆறு மணிக்கே தயாரானாலும் வண்டி புறப்படும் நேரம் மாறப்போவதில்லை. இதில் கூர்ந்து கவனிக்க வேண்டியது, தகப்பனைக் காருக்கு அனுப்பியவள் அவள்தான் என்பது. அவருக்கு ஐந்தரை என்கிறாள், மகள்களிடம் ஆறே கால் என்கிறாள், தனக்கென்று மனத்தில் ஒரு நேரம் வைத்திருக்கிறாள். சாவிக்கொத்தும் அறிவுரையும் இல்லாத அந்த முக்கால் மணி நேரத்தில்தான் வீட்டில் வேலை நடக்கிறது. தகப்பன் காரில் காத்திருப்பதாக நினைக்கிறார். நிர்வாக நோக்கில் பார்த்தால் அவரை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். தாய்க்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்து முடிவுகளை வெளியிட இதுவரை எந்த ஆய்வாளரும் முன்வரவில்லை.

இக்கொள்கையைச் சோதிக்கும் வாய்ப்பு விரைவில் வருகிறது. புக்கிட் சாகாரிலிருந்து வூட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்.டி.எஸ். ரயில் பாதை போட்டிருக்கிறார்கள்: நாலு கிலோமீட்டர், இரண்டே நிலையம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர். இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். பயண நேரமாகச் சொல்லப்படுவது ஏறத்தாழ ஐந்து நிமிஷம்; வேறு எண்ணைச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் மனம் வராது போலிருக்கிறது. பாலத்தின் நிச்சயமின்மை ஒழிந்தால் தகப்பனின் கூட்டல் சுருங்க வேண்டும். கூட்டல் சுருங்கினால் மகளின் கழித்தலும் சுருங்க வேண்டும். ஒரு தலைமுறைக்குள் ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷமாகவே நடக்க வேண்டும். கொள்கைப்படி இதில் ஓட்டை எதுவும் இல்லை. நடைமுறையில் உள்ள ஒரே சிக்கல், சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட மகளைக் காலை ஆறு மணி ரயிலுக்குப் புக்கிட் சாகாரில் கொண்டுபோய் விட ஒருவர் வேண்டும். அவர் நாலரைக்கே மைவியை ரோட்டுக்கு இறக்கியிருப்பார்.